முயல் போடும் தடம்

நன்றாக ஓடத் தெரிந்தவரும், நடக்க மட்டுமே முடிந்தவரும் ஒரே நேரத்தில் புறப்பட்டு, ஏறக்குறைய ஒரே நேரத்தில் திரும்பி வர முடியுமா? நம் சங்கத்தின் காலை நடைக் குழு கலையும் ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விதான் என் மனத்தில் எழும். முதல் வாரம் இருபது பேர் வருவார்கள். வேகமானவர்கள் முன்னே போய்விடுவார்கள், முழங்கால் வலிக்காரர்கள் பின்தங்குவார்கள். ஒரு மாதத்தில் பின்தங்கியவர்கள் வருவதையே நிறுத்திவிடுவார்கள். அவர்களில் பெரும்பாலோர் என் வயதுக்காரர்கள். நடை மிக அவசியமாகத் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

இதற்கு ஒரு விடையை அயர்லாந்தில் பார்த்தேன். டப்ளினில் மகள் வீட்டில் தங்கியிருந்தபோது, ‘ஹேஷ் ஹவுஸ் ஹேரியர்ஸ்’ வகை ஓட்டக் குழு ஒன்றுடன் ஒரு சனி, ஞாயிறு விக்லோ மலைப்பகுதிக்குப் போய் வந்தேன். நான் ஓடவில்லை, கடைசி வரிசையில் நடந்தேன்.

இந்த ஓட்டம் பிறந்தது ஐரோப்பாவில் அல்ல, கோலாலம்பூரில். 1938இல் கிஸ்பர்ட் என்ற பிரிட்டிஷ் கணக்காளரும் நண்பர்களும் தொடங்கினார்கள். அவர்கள் சாப்பிட்டுவந்த சிலாங்கூர் கிளப் விடுதியில் சமையல் சுமார் ரகம். கொத்துக்கறி போடும் இடம் என்று கேலியாக ‘ஹேஷ் ஹவுஸ்’ என்பார்கள். ஹேரியர் என்பது முயல் வேட்டை நாய். கிஸ்பர்ட் 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர்ப் போரில் இறந்தார். போருக்குப்பின் நண்பர்கள் மறுபடி ஓடத் தொடங்கினார்கள். இன்று உலகின் பல நாடுகளில் இக்குழுக்கள் உள்ளன. இதற்கு மூலம், இங்கிலாந்துப் பள்ளி மாணவர்கள் காகிதத் துண்டுகளைத் தூவி ஆடிய பழைய துரத்தல் விளையாட்டு.

விளையாட்டின் முறை இதுதான். ஒருவர் அல்லது இருவர் ‘முயல்’. மற்றவர் எல்லோரும் ‘நாய்கள்’. முயல் முன்னதாகப் போய், தரையில் மாவுப் பொட்டுகள் வைத்துத் தடம் போடுகிறது. சில இடங்களில் ஒரு வட்டம் வரைந்திருக்கும். அங்கே தடம் அறுந்துவிடும். அடுத்த பொட்டு எந்தத் திசையில் இருக்கிறது என்று நாய்கள் நாலா பக்கமும் ஓடித் தேட வேண்டும். இரண்டு மூன்று பொட்டுகள் கண்டவுடன் சரியென்று நம்பிவிடக் கூடாது. சற்றுத் தள்ளி ஒரு குறுக்குக் கோடு இருந்தால் அது பொய்த் தடம், திரும்பி வர வேண்டியதுதான். சரியான தடம் கிடைத்தவர் ‘ஆன் ஆன்’ என்று கூவுவார். மூடுபனியில் மலைச்சரிவில் இந்தக் கூவல்தான் சிக்னல்.

இதில் பொறியியல் எங்கே என்று கேட்பீர்கள். ஒற்றைப் பாதை ரயிலில் வேக வண்டியும் சரக்கு வண்டியும் ஓடினால், சரக்கு வண்டியை லூப்பில் நிறுத்தி வேக வண்டியை விடுவோம். இங்கே யாரையும் நிறுத்துவதில்லை. வேகமானவரைக் கூடுதல் தூரம் ஓட வைக்கிறார்கள். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்மைத் தடம் 6 கி.மீ. ஓடுபவர் மணிக்கு 10 கி.மீ., நடப்பவர் 5 கி.மீ. முன்னவருக்கு 36 நிமிடம், பின்னவருக்கு 72 நிமிடம். இந்த 36 நிமிட வித்தியாசத்தை ஈடுகட்ட ஓடுபவர் இன்னும் 6 கி.மீ. ஓட வேண்டும். 750 மீட்டருக்கு ஒன்றாக எட்டு வட்டங்கள் வைத்து, ஒவ்வொன்றிலும் 375 மீட்டர் நீளத்தில் ஒரு பொய்த் தடம் போட்டால், போக வர 750 மீட்டர், எட்டுக்கும் சேர்த்து 6 கி.மீ. கணக்கு நேராகிறது. நடைமுறையில் எல்லோரும் எல்லாப் பொய்த் தடத்திலும் போவதில்லை. அதனால்தான் சில வட்டங்களில் ‘5’ என்று எழுதி, முதலில் வந்த ஐந்து பேரும் கூட்டத்தின் வால்வரை ஓடிப்போய்த் திரும்ப வேண்டும் என்று வைக்கிறார்கள். நான் மூச்சு வாங்கி ஒரு வட்டத்தை அடையும்போது, முன்னே ஓடியவர்கள் வேர்க்க விறுவிறுக்க எதிரே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். “அந்தப் பக்கம் இல்லை ஐயா” என்கிற தோரணையில் கையை ஆட்டிக்கொண்டு. அறுபதைத் தாண்டிய எனக்கு அது எவ்வளவு தெம்பு தந்தது என்று சொல்லி முடியாது!

இனி நிலம். விக்லோ மலைகளில் முட்செடிப் புதர்கள் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கும். ஊட்டியில் வெள்ளைக்காரர் கொண்டுவந்து பரவவிட்ட அதே கார்ஸ் செடி. மேலே போனால் பீட் எனப்படும் சதுப்பு. மக்காத பாசியும் நீரும் கலந்த கருப்பு மெத்தை. காலை வைத்தால் முழங்கால்வரை போகும். ஸ்காட்லாந்தில் 2003 சட்டப்படி யாரும் பொறுப்போடு எங்கும் நடக்கலாம். அயர்லாந்தில் அந்த உரிமை கிடையாது. தனியார் நிலத்தில் கால் வைக்க உடையவர் அனுமதி வேண்டும். ஆகவே முயலின் முதல் வேலை மாவு வாங்குவதல்ல, விவசாயியின் கதவைத் தட்டுவது. திறந்திருந்த வேலிக் கதவைத் திறந்தபடியும், மூடியிருந்ததை மூடியும் விட வேண்டும். ஆட்டுக்குட்டிகள் பிறக்கும் இளவேனில் காலத்தில் மந்தை மேயும் வயலைச் சுற்றித்தான் தடம் போகும்.

விவசாயிகளுக்கு இன்னொரு பயமும் இருந்தது. நம் நிலத்தில் யாராவது விழுந்து வழக்குப் போட்டால்? 1995இல் வந்த சட்டம், பொழுதுபோக்காக வருபவர்களிடம் நில உடைமையாளரின் பொறுப்பைக் குறைத்தது. ஆனால் அவர்களுக்கென்றே ஒரு அமைப்பைக் கட்டி வைத்தால், அதை நன்றாகப் பராமரிக்க வேண்டும்.

இந்தச் சட்டம் சோதிக்கப்பட்ட இடம் என் தொழிலுக்கு நெருக்கமானது. டவுஸ் மலைக்குப் போகும் வழியில், சதுப்பின்மேல் பழைய ரயில்வே மர ஸ்லீப்பர்களைப் பரப்பி, வழுக்காமலிருக்கக் கம்பி வலை அடித்து நடைபாதை போட்டிருந்தார்கள். நடப்பவர் காலுக்கும் சதுப்புக்கும் அது ஒருசேரப் பாதுகாப்பு. (1830இல் திறந்த லிவர்பூல் மான்செஸ்டர் ரயில் பாதையை ஸ்டீவன்சன் இதுபோன்ற சதுப்பில்தான் சுள்ளிக் கட்டுகளின்மேல் மிதக்கவிட்டார்.) மர ஸ்லீப்பரில் நீர் தங்கும் குழியெல்லாம் நாளடைவில் இற்றுப் பெரிதாகும். 2013இல் அப்படி ஒரு பழுதில் கால் சிக்கி ஒரு பெண்மணி விழுந்தார்; முழங்காலில் தையல். கீழ் நீதிமன்றம் 2016இல் 40,000 யூரோ இழப்பீடு தந்தது. நாடெங்கும் நடைபாதைகளை மூடிவிடுவார்களோ என்று மலையேறுவோர் கலங்கினர். 2017இல் உயர் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. மலையில் நடப்பவர் தன் காலடியைத் தானே பார்த்து நடக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்த அம்மையார்மேல் எனக்கு இரக்கம் உண்டு. பாதையைப் பராமரிப்பவர் வருடம் ஒருமுறையாவது சுத்தியலால் தட்டிப் பார்த்திருக்கலாம் என்றும் நினைக்கிறேன். ஆனாலும் தீர்ப்பு சரியே.

ஒன்றை மறைக்கக் கூடாது. ஓட்டம் முடிந்ததும் வட்டமாக நின்று பீர் குடிப்பதும், சற்றுப் பச்சையான பாட்டுகளும் இந்தக் குழுக்களின் வழக்கம். எனக்கு ஆரஞ்சு ரசம் கொடுத்தார்கள், யாரும் வற்புறுத்தவில்லை. பாட்டு நேரத்தில் அயர்லாந்து ரயில் பாதையின் அகலம் 1600 மி.மீ., நம்முடையது 1676 மி.மீ. என்று பக்கத்தில் நின்றவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன்.

தடம் போடும் முறையை மட்டும் நாம் எடுத்துக்கொள்ளலாம். மைதா வேண்டாம், தெரு நாய் நக்கிவிடும், கோலப்பொடி போதும். பூங்காக் காவலாளியிடம் முன்னதாகச் சொல்லிவிடுவது நல்லது. 2007இல் அமெரிக்காவில் ஒரு கடை வாசலில் ஓட்டக்காரர்கள் போட்ட மாவை விஷப்பொடி என்று நினைத்துப் போலீஸை அழைத்துவிட்டார்கள். நம் பூங்காவின் சுற்று சிறியது; நான்கு வட்டங்கள், 150 மீட்டர் பொய்த் தடங்கள் என்று வரைபடம் போட்டு வைத்திருக்கிறேன். முதல் முயலாக நான் இருக்கிறேன். எனக்கு முக்கால் மணி நேரம் முன்கூட்டியே புறப்பட அனுமதி வேண்டும்.