அண்ணத்தில் கறுப்புத் திட்டு

கேள்வி: எனக்கு 45 வயது. சிறு வயதிலிருந்தே ஈறு கறுப்புதான். சொத்தைப் பல்லைப் பிடுங்கப் போனபோது, அண்ணத்தில் கறுப்பாக ஒரு திட்டு இருப்பதைப் பல் டாக்டர் பார்த்தார். "முதலில் பயாப்சி, பிறகுதான் பல்" என்கிறார். வலியே இல்லாததற்கு இது தேவையா? ஈற்றின் கறுப்பை லேசரில் எடுத்துவிடலாம் என்கிறாள் மகள். எடுக்கலாமா?
– வாசகி, சங்கரன்கோவில்

பதில்: ஈற்றின் கறுப்பும் அண்ணத்துத் திட்டும் ஒன்றல்ல அம்மா. தோலுக்கு நிறம் தரும் மெலனின்தான் ஈற்றுக்கும் நிறம் தருகிறது. சிறு வயதிலிருந்தே இரு பக்கமும் ஒரே சீராக இருக்கும் கறுப்பு நோயல்ல. லேசரில் எடுக்கலாம்; ஆனால் நிறம் திரும்பி வரக்கூடும். என்னைக் கேட்டால், அந்தச் செலவு வேண்டாம்.

திட்டுக்கு வருவோம். அது எப்போது வந்தது என்று உங்களுக்கே தெரியவில்லை. பக்கத்துப் பல்லில் எப்போதாவது வெள்ளி அடைத்திருந்தால், அந்த உலோகத் துகள் சதைக்குள் தங்கி நீலச் சாம்பலாகத் தெரியும். கெடுதல் இல்லை. சில சமயம் எக்ஸ்ரேயிலேயே துகள் தெரிந்துவிடும். மூட்டுவாதத்துக்கு ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரையை நெடுநாள் சாப்பிடுகிறவர்களுக்கும் அண்ணம் நிறம் மாறும். சாப்பிடும் மாத்திரைகளை எல்லாம் டாக்டரிடம் சொன்னீர்களா?

இன்னொன்றையும் அவரிடம் மறைக்காதீர்கள். சமீபகாலமாகத் தீராத அசதி, எடைக் குறைவு, எழுந்து நின்றால் தலைசுற்றல் உண்டா? தோலும் கறுத்து வருகிறதா? அட்ரினல் சுரப்பி குன்றும் அடிசன் நோயில் வாய்க்குள்ளும் கறுப்பு படரும். அது தெரியாமல் பல்லைப் பிடுங்கினால், அந்த அதிர்ச்சியில் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம்.

மெலனோமா என்ற புற்றுநோய் வாய்க்குள் வருவது மிக அரிது. ஆனால் வந்தால், பெரும்பாலும் அண்ணத்திலும் மேல் ஈற்றிலும்தான் வருகிறது. தொடக்கத்தில் வலிக்காது, அதனால்தான் பலர் முற்றிய பிறகு வருகிறார்கள். வலி இல்லை என்பதை வைத்து நீங்கள் நிம்மதி அடைய முடியாது. வெறும் கண்ணால் பார்த்து இது அதுதான் என்றோ, அதுவல்ல என்றோ உறுதியாகச் சொல்ல எந்த டாக்டராலும் முடியாது.

உங்கள் டாக்டர் செய்தது சரி. மரத்துப்போக ஊசி போட்டுச் சிறு துண்டு எடுப்பார்கள். திட்டு சிறியதென்றால் முழுவதையுமே எடுத்துவிடுவார்கள். சில நிமிட வேலை. பல்லில் வீக்கமோ காய்ச்சலோ இல்லாதவரை, பிடுங்குவது சில நாள் காத்திருக்கலாம். பயாப்சியை இந்த வாரமே முடித்துவிடுங்கள்.