வெயிலில் வெளுத்த எலும்பு நிறம்

28 மி.மீ. எலும்புக்கூட்டுப் பொம்மைக்கு நேரடியாக வெள்ளை அடித்தால் சுண்ணாம்பு பூசியதுபோல்தான் இருக்கும். பிரைமர் காய்ந்ததும் முதலில் மணல் நிறம்; சிட்டாடல் வண்ணங்களில் ‘ஜாண்ட்ரி டஸ்ட்’ நன்றாக வரும். அதுவும் காய்ந்தபின், நீர்க்கக் கரைத்த சாம்பல்பழுப்பை விலா இடுக்குகளிலும் கண்குழியிலும் இறங்க விடுங்கள். அடர்பழுப்பு வேண்டாம், அது மண்ணுக்குள் கிடந்த எலும்பின் நிறம்.

அடுத்ததுதான் முக்கியம். பழைய தட்டைத் தூரிகையில் தந்த நிறத்தைத் தொட்டு, டிஷ்யூ தாளில் மங்கலான தடம் மட்டும் விழும்வரை துடைத்துவிட்டு, மேலிருந்து கீழாக லேசாக உரசுங்கள். மேடுகள் மட்டும் வெளுக்கும். தூய வெள்ளை, வெயில் நேராக விழும் மண்டை உச்சிக்கும் விலாக்களின் மேல்விளிம்புக்கும் போதும். கடைசியில் மேட் வார்னிஷ். பளபளப்பு வார்னிஷ் அடித்தால் எலும்பு நனைந்ததுபோல் தெரியும்.