தாவும் முன் நட

மெக்சிகோவின் பாஹா கலிபோர்னியா தீபகற்பத்தில் 1967ஆம் ஆண்டு பாலைவனப் பந்தயம் ஒன்று தொடங்கியது. 'பாஹா 1000' எனப்படும் அப்பந்தயத்தில் டிரக்குகள் மேடுகளைத் தாவிக் கடக்கின்றன.

அவ்வித்தையைப் பயில்வோர் முதலில் வண்டியிலிருந்து இறங்கி நடத்தல் வேண்டும். மேட்டின் மறுபுறம் பாறையோ பள்ளமோ மனிதரோ இருப்பின், இருக்கையிலிருந்து தெரியாது. ஆதலால் மாணவர் மேட்டின்மீது ஏறி, வண்டி இறங்கும் இடத்தைத் தம் கண்ணால் காண்கிறார்.

பின்னர் தலைக்கவசமும் இருக்கைப் பட்டையும் அணிந்து, சிறு மேட்டை நோக்கி மெதுவாக வண்டியைச் செலுத்துகிறார். உச்சியை நெருங்கும்போது அச்சத்தால் கால் பிரேக்கை நாடும். அது பெருந்தவறு. பிரேக்கை மிதித்தால் முன்பக்கச் சுருள்விற்கள் அமுங்கும். எஞ்சினின் எடையும் அங்கேயே இருப்பதால் வண்டி குப்புற வீழும். ஆக்ஸிலரேட்டரைச் சீராக மிதித்தால் வண்டி சமநிலையில் செல்லும். தரையைத் தொடும்போது முன்சக்கரங்கள் நேராக இருத்தல் வேண்டும். திரும்பியிருந்தால் வண்டி கவிழக்கூடும்.

ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் வண்டி, மணிக்கு ஏறத்தாழ 16 கி.மீ. வேகத்தில் தரையை நோக்கி இறங்குகிறது. அவ்வதிர்ச்சியைச் சுருள்விற்கள் ஏற்க, 'ஷாக் அப்சார்பர்' எனப்படும் அதிர்வுதாங்கிகள் அதை வெப்பமாக மாற்றுகின்றன. சாலையில் ஓடும் சாதாரண வண்டிகள் இதற்கென அமைக்கப்பட்டவை அல்ல.

மறுபுறம் பாதுகாப்பாக இல்லையெனில், தாவாது திரும்புபவரே தேர்ந்த ஓட்டுநர்.

அருஞ்சொற்பொருள்
தீபகற்பம் – மூன்று பக்கம் நீர் சூழ்ந்த நிலம்
குப்புற – முகம் கீழாக

வினாக்கள்
1. மாணவர் முதலில் மேட்டின்மீது நடந்து செல்வது ஏன்?
2. உச்சியில் பிரேக்கை மிதித்தால் என்ன நிகழும்?
3. 'தாவாது' – பிரித்து எதிர்ச்சொல் எழுதுக.