எட்டுநூறில் எத்தனை குதிரை?



மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியவுடனே நம்ம ஹாஸ்டல் நண்பர்கள் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அந்த மாருதி கதையை எழுதுடா, சிரிக்கலாம்" என்றார்கள். சிரிப்பதற்கு அதில் இருப்பது கொஞ்சம். கணக்குத்தான் நிறைய. தெர்மல் இன்ஜினியரிங் பேப்பருக்குப் பயந்தவர்களும் படிக்கலாம். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

பல்லடத்தில் என் தாய்மாமா ஒரு கார் பட்டறை வைத்திருக்கிறார். லீவு விட்டால் நான் அங்கேதான். அவருடைய சொந்த வண்டி 1997 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. ஆர்.சி. புதுப்பித்து இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கிறார். 1983 டிசம்பரில் வந்த இந்தக் காரின் தயாரிப்பு 2014ல் நின்றுவிட்டது. ஆனாலும் நம்ம ஊர்ப் பட்டறைகளில் படிப்பதற்கு இதைவிட நல்ல என்ஜின் கிடையாது. மூன்றே சிலிண்டர், மேலே ஒரு கேம் ஷாஃப்ட், ஒரு டைமிங் பெல்ட். பானெட்டைத் திறந்தால் எல்லாம் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டும்.

முதலில் கணக்கு. இதன் போர் 68.5 மி.மீ., ஸ்ட்ரோக் 72 மி.மீ. ஒரு சிலிண்டரின் ஸ்வெப்ட் வால்யூம் 265.3 சி.சி. மூன்றுக்கும் சேர்த்து 796. கம்பெனி சொல்லும் பவர் 5000 ஆர்.பி.எம்.மில் 37 குதிரைத்திறன். டார்க் 2500 ஆர்.பி.எம்.மில் 59 நியூட்டன் மீட்டர். இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 5000 ஆர்.பி.எம்.மில் 37 குதிரை என்றால் அப்போது டார்க் எவ்வளவு? ஃபார்முலாவில் போட்டால் 52.7 வருகிறது. அதாவது வேகம் இரண்டு மடங்கு ஆகும்போது டார்க் 59லிருந்து 52.7க்கு இறங்கிவிட்டது. ஏன்? மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். வால்வு திறந்திருக்கும் நேரம் பாதியாகிறது. அதற்குள் வேண்டிய காற்று உள்ளே போய்ச் சேரவில்லை.

இந்த 52.7 டார்க்கை 6000 ஆர்.பி.எம். வரை இறங்காமல் பிடித்து வைத்தால் பவர் 44 குதிரை ஆகிவிடும். போர் பெரிதாக்க வேண்டாம், ஸ்ட்ரோக் மாற்ற வேண்டாம். என்ஜினில் பவர் ஏற்றுவது என்பது பெரும்பாலும் இதுதான் நண்பர்களே: காற்றை நிறைய உள்ளே அனுப்பு, நன்றாக அமுக்கு, சரியான நேரத்தில் பற்றவை. மற்றதெல்லாம் ஸ்டிக்கர்.

இங்கிலாந்தில் மினி காரை இப்படித்தான் செய்தார்கள். 1959ல் வந்த மினி 848 சி.சி., 34 குதிரை. 1961ல் மினி கூப்பர் வந்தபோது 997 சி.சி., இரட்டைக் கார்புரேட்டர், 55 குதிரை. கூப்பர் எஸ் 1964ல் மான்டி கார்லோ ராலியையே ஜெயித்தது. ஆனால் அந்த முதல் கூப்பரிலேயே முன் சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் சேர்த்தார்கள் என்பதை நம்ம ஆட்கள் யாரும் சொல்வதில்லை. ஓடுவதற்கு முன்னால் நிற்பதற்கு வழி செய்தார்கள்.

வேறொரு வழியும் உண்டு. நம்ம கோவைக்காரர் எஸ். கரிவரதன் 1980களின் கடைசியில் இதே மாருதி 800 என்ஜினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கை ரேஸ் காரை உருவாக்கினார். நரேன் கார்த்திகேயன் முதலில் ரேஸ் ஓட்டியதும் ஃபார்முலா மாருதியில்தான். செட்டிபாளையத்தில் இருக்கும் ரேஸ் டிராக்குக்குக் கரிவரதன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். எடை குறைந்தால் அதே என்ஜின் வேறு மாதிரி ஓடும். டிரைவரோடு சேர்த்து 720 கிலோ உள்ள நம்ம வண்டியில் 60 கிலோவைக் கழற்றி இறக்கினால், பிக்கப்பைப் பொறுத்தவரை 3 குதிரை கூட்டியதற்குச் சமம். மாமா வண்டியில் இறக்கக்கூடிய 60 கிலோ அமுச்சி ஒருத்திதான். அது முடியாது.

ஆகவே நான் கம்ப்ரஷனைப் பிடித்தேன்.

கம்ப்ரஷன் ரேஷியோ 8.7 என்று புத்தகத்தில் இருந்தது. அப்படியானால் பிஸ்டன் மேலே நிற்கும்போது மிச்சமிருக்கும் இடம், 265.3ஐ 7.7ஆல் வகுத்தால், 34.5 சி.சி. ஹெட்டை இறக்கித் திருப்பி வைத்து, கிராஃப் பேப்பரில் சேம்பர் விளிம்பைப் பதித்துக் கட்டம் எண்ணினேன். 28 சதுர செ.மீ. வந்தது. ஹெட்டில் 0.8 மி.மீ. எடுத்தால் 2.2 சி.சி. குறையும், ரேஷியோ 9.2 ஆகும். இது ஒன்றும் பேராசை இல்லை என்று நினைத்தேன். இப்போது பங்க்குகளில் வரும் 20 சதவீத எத்தனால் பெட்ரோலுக்கு ஆக்டேன் எண்ணும் கூடுதல், நாக்கிங் வராது என்று வேறு தைரியம்.

மாமாவிடம் கேட்டேன். "கணக்குப் போட்டியா மாப்ளே?" என்றார். போட்டேன் என்றேன். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. லேத்து பட்டறை அண்ணன்தான் ஹெட்டைக் கையில் வாங்கியதும், "தம்பி, இது ஏற்கனவே ஃபேசிங் போட்ட ஹெட் மாதிரி இருக்குதே" என்றார். "இருக்கட்டும்ங்ணா, 0.8 மட்டும் எடுங்க" என்று சொன்னது நான்தான்.

மாட்டி ஸ்டார்ட் செய்தபோது என்ன ஒரு சத்தம்! டிஸ்ட்ரிபியூட்டரைக் கொஞ்சம் திருப்பி டைமிங்கையும் 4 டிகிரி போல முன்னால் தள்ளினேன். மூன்று வாரம் வண்டி பறந்தது. நான் அதைவிட உயரத்தில் பறந்தேன்.

போன வருஷம் மே மாதம். அமுச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து ஒரு வாரம். செக்கப்புக்காகக் கோவைக்கு மாமாவும் நானும் கூட்டிப்போனோம். சூலூர் தாண்டவில்லை, டெம்பரேச்சர் முள் மேலே ஏறியது. வெள்ளைப் புகை. ரேடியேட்டரில் சோறு கொதிக்கிற மாதிரி குமிழ். மணி பன்னிரண்டு. ஆட்டோ ஒன்றும் நிற்கவில்லை. கறுப்புக் கண்ணாடி போட்ட அமுச்சியை, கண்ணில் தூசி விழக்கூடாது என்று துண்டால் முகத்தை மூடி, நின்றுகொண்டே வரும் டவுன் பஸ்ஸில் ஏற்றினோம். ஒரு அக்கா எழுந்து இடம் கொடுத்தார். அமுச்சி என்னைத் திட்டவே இல்லை. "வெயிலுக்கு வண்டியும் என்ன பண்ணும் சாமி" என்றாள். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

ராத்திரி ஹெட்டை இறக்கினோம். 2, 3 சிலிண்டர்களுக்கு நடுவில் கேஸ்கெட் எரிந்து பிளந்திருந்தது. பிஸ்டன் ஓரங்களில் அம்மைத் தழும்பு மாதிரி பொடிப்பொடியாகக் குழி. ஸ்பார்க் பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போல அலுமினியத் துகள்கள். இவை இரண்டும் டெட்டோனேஷனுக்கு நிச்சயமான அடையாளம். வைவாவில் கேட்டால் சொல்லுங்கள்.

மாமா அப்போதுதான் வாய் திறந்தார். "ஹெட் உயரம் அளந்தியா?"

அளக்கவில்லை. புத்தகத்தில் இருந்த 8.7ஐ எடுத்துக்கொண்டேன். எனக்கு முன்னால் எப்போதோ யாரோ அந்த ஹெட்டுக்கு ஃபேசிங் போட்டிருக்கிறார்கள். மறுநாள் ஸ்பேர் கடையில் புது ஹெட்டோடு ஒப்பிட்டால் மொத்தம் 1.7 மி.மீ. குறைவு. மறுபடி கணக்கு: 1.7க்கு 4.8 சி.சி. போச்சு. மிச்சம் 29.7. ரேஷியோ 9.9!

கெட்டது அது மட்டுமில்லை. எத்தனால் கலந்த பெட்ரோலில் ஆக்டேன் கூடுதல் என்பது உண்மை. ஆனால் சாதாரண பெட்ரோலில் 1 கிலோவுக்கு 14.7 கிலோ காற்று போதுமான அளவு என்றால், 20 சதவீத எத்தனாலில் அது சுமார் 13.5 ஆகிறது. இன்ஜெக்‌ஷன் வண்டியில் ஆக்ஸிஜன் சென்சார் பார்த்துச் சரி செய்துகொள்ளும். கார்புரேட்டருக்குக் கண் ஏது? பழைய ஜெட் பழைய அளவைத்தான் விடும். கலவை லீன் ஆகிறது, சூடு ஏறுகிறது. அதன்மேல் நான் தள்ளி வைத்த 4 டிகிரி. ஆக்டேன் எண்ணை நம்பிய நான் கலவையைப் பார்க்கவில்லை. பெட்ரோல் 8 சதவீதம் கூட வேண்டும் என்றால் ஜெட்டின் பரப்பு 8 சதவீதம், விட்டம் 4 சதவீதம் கூட வேண்டும். 1 மி.மீ. ஜெட் 1.04 மி.மீ. ஆக வேண்டும். இதை டிரில் பிட் போட்டுத் துளைக்காதீர்கள், அளவுப்படி ஜெட் வாங்குங்கள். அதிகமாகிவிட்டால் புகைச் சான்றிதழில் மாட்டுவோம். இந்தக் காலத்து வண்டிக்குக் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும்.

இன்னொரு விஷயம், யாரும் யோசிக்காதது. ஓவர்ஹெட் கேம் என்ஜினில் ஹெட்டைச் சீவினால் கேம் ஷாஃப்ட் கிராங்க் ஷாஃப்ட்டுக்குக் கிட்டே வருகிறது. பெல்ட்டின் தொய்வை டென்ஷனர் எடுத்துக்கொள்ளும், ஆனால் வால்வு டைமிங் பின்தங்கும். கேம் புல்லி விட்டம் 10 செ.மீ. என்று வைத்துக்கொண்டால் 1 மி.மீ. சீவலுக்குக் கிராங்க் கணக்கில் 2 டிகிரிக்கு மேல். ஆக நான் ஒரு பக்கம் பற்றவைப்பதை முன்னால் தள்ளி, மறுபக்கம் வால்வைப் பின்னால் தள்ளியிருக்கிறேன்.

பாட்டம் எண்டைத் தொடாதது ஒன்றே புண்ணியம். 6500 ஆர்.பி.எம். வரை விரட்டும் ஆசையும் எனக்கு இருந்தது. கனெக்டிங் ராட் மேல் விழும் இழுவை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும்; 5000த்தை விட 6500ல் அது 1.69 மடங்கு. கேஸ்கெட் போனால் வண்டி நிற்கும். ராட் உடைந்தால் பிளாக்கே ஓட்டை.

செலவு நான் சேர்த்து வைத்த 6,200 ரூபாயில் தீரவில்லை. மிச்சத்தை மாமா போட்டார். சீவாத ஹெட் ஒன்று பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. இந்த முறை உயரத்தை அளந்தேன், இரண்டு முறை. சீவவே இல்லை. வால்வுகளை லேப்பிங் செய்தேன். இன்டேக் மேனிஃபோல்டு வாய்க்கும் ஹெட் போர்ட்டுக்கும் நடுவில் நீட்டிக்கொண்டிருந்த படியை, கேஸ்கெட்டை அச்சாக வைத்து ராவி ஒன்றாக்கினேன். போர்ட்டைப் பளபளவென்று பாலிஷ் போடவில்லை, போட்டுப் பெரிய லாபமும் கிடையாது. ஜெட் மாற்றி, டைமிங்கைக் கம்பெனி அளவுக்கே வைத்தோம். ரப்பர் பெட்ரோல் டியூப்களையும் எத்தனாலுக்காக மாற்றினோம்.

சோதனை வேண்டுமே? கை வைப்பதற்கு முன்பே ஒரு ஞாயிறு விடியற்காலை காலி ரோட்டில் மூன்றாவது கியரில் 40லிருந்து 80 கி.மீ. போக ஆகும் நேரத்தைப் போக நான்கு, வர நான்கு என்று ஓட்டி எழுதி வைத்திருந்தேன். சராசரி 11.4 செகண்ட். இப்போது அதே ரோடு, அதே இரண்டு பேர், 10.3. ஆள்களோடு எடை 780 கிலோ. இயக்க ஆற்றல் கணக்குப் போட்டால் வித்தியாசம் 1.3 கிலோவாட் சொச்சம். முழுசாக இரண்டு குதிரைகூட இல்லை! அதிலும் பாதி, தேய்ந்த வால்வுகளால் தொலைந்து போனதைத் திரும்பப் பிடித்ததுதான் என்பது மாமாவின் அபிப்பிராயம். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

பெரிய என்ஜின் மாற்றலாமே என்று கேட்கும் நண்பர்களுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவைப் படித்துவிட்டு வாருங்கள். ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை நம் இஷ்டத்துக்கு மாற்ற முடியாது. இன்சூரன்ஸ்காரரும் கை விரித்துவிடுவார்.

அமுச்சி இப்போதும் அதே வண்டியில்தான் கோவைக்குப் போகிறாள். ஏறும்போது மட்டும், "அளந்து பார்த்தியா சாமி?" என்று கேட்பாள். யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியும்.

அந்த 1.7 மி.மீ. குறைந்த ஹெட்டும், குழி விழுந்த பிஸ்டன் ஒன்றும் நம்ம ஆட்டோமொபைல் லேபில், ஜன்னல் பக்கத்து ரேக்கில் இருக்கின்றன. ஜூனியர் தம்பிமார்கள் கிராஃப் பேப்பர் எடுத்துக்கொண்டு வந்தால் சேம்பர் பரப்பை நீங்களே எண்ணிப் பார்க்கலாம். எனக்கு 28 வந்தது. உங்களுக்கு வேறு வந்தால் என்னைத் தேடி வந்து சொல்லுங்கள்.