பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் கடிதமும் அழைப்பிதழின் மாதிரியும் கிடைத்தன. திருப்பூரில் உங்கள் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் வடமாநிலத் தொழிலாளர்களுக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை விழா நடத்தப் போகிறார்கள் என்றதும் மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அழைப்பிதழின் நெற்றியில் ‘பாலில் சர்க்கரையாய்க் கரைவோம்’ என்று பார்த்ததும் அந்த மகிழ்ச்சி போய்விட்டது. போதாததற்கு, “அவர்கள் நம்மோடு முழுதாகக் கரைந்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடும்தானே ஐயா?” என்று கேள்வி வேறு. தீராது. ஏன் என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

அந்தச் சர்க்கரைக் கதையை முதலில் முடித்துவிடலாம். குஜராத்துக் கரையில் வந்து இறங்கிய பார்சிகளுக்கு ராஜா கிண்ணம் தளும்பப் பால் அனுப்பினாராம், இங்கே இடமில்லை என்று காட்ட. அவர்களுடைய குரு அதில் சர்க்கரையைப் போட்டுத் திருப்பி அனுப்பினாராம். பேச்சுப் போட்டி நடுவராக உட்கார்ந்து இதைக் கேட்டுக் கேட்டே எனக்குச் சர்க்கரை ஏறியிருக்க வேண்டும். பார்சிகள் தாங்கள் வந்த கதையைச் சொல்லும் ‘கிஸ்ஸா-இ-சஞ்சான்’ என்ற பாரசீகச் செய்யுள் நூல் 1599-ல் எழுதப்பட்டது. அதில் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. ராஜா போட்ட நிபந்தனைகள்தாம் இருக்கின்றன: உள்ளூர் மொழி பேச வேண்டும், பெண்கள் உள்ளூர் உடை உடுத்த வேண்டும், ஆயுதத்தைக் கீழே வைக்க வேண்டும், கல்யாணத்தை இரவில் நடத்த வேண்டும். சம்பவம் நடந்து பல நூற்றாண்டு கழித்து எழுதிய நூல் அது. வரலாறு என்று அப்படியே விழுங்கிவிடாதே. ஆனாலும் அந்தச் சமூகம் தன் வருகையை ஒரு பேரமாகத்தான் நினைவு வைத்திருக்கிறது. மொழியைக் கொடுத்தார்கள், குஜராத்தி பேசினார்கள். தாங்கள் வழிபடும் நெருப்பைக் கொடுக்கவில்லை. கரைந்துபோயிருந்தால் இன்று ‘பார்சி’ என்று யாரைக் காட்டுவாய்?

மதுரையில் படித்த உனக்குப் பார்சிகள் எதற்கு? திருமலை நாயக்கர் மகாலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்திருப்பாய். அங்கே திண்ணையில் உட்கார்ந்து பேசும் பெரியவர்கள் உன்னைக் கண்டதும் தமிழுக்கு மாறுவார்கள். நீ நாலு எட்டு தாண்டியதும் பழையபடி தங்கள் மொழிக்குப் போய்விடுவார்கள். அவர்கள் சௌராஷ்டிரர்கள், நெசவுத் தொழிலோடு இங்கே வந்து பல நூற்றாண்டுகள் ஆகின்றன. 2011 கணக்கெடுப்பில் சௌராஷ்டிர மொழியைத் தாய்மொழி என்று பதிந்தவர்கள் ஏறத்தாழ 2.47 லட்சம் பேர். வீட்டில் ஒரு மொழி, தெருவில் ஒரு மொழி. இதனால் மதுரைக்கு என்ன குறைந்தது? சுங்குடிப் புடவை கிடைத்தது. துணியில் புள்ளி புள்ளியாக முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றும் அவர்களுடைய கைவேலை, 2005-ல் மதுரையின் பெயரோடுதான் புவிசார் குறியீடு வாங்கியது.

இனி என் பழைய பல்லவிக்கு வருகிறேன். வகுப்பிலேயே கேட்டிருப்பாய், இருந்தாலும் சொல்லாமல் விட மனமில்லை. மத்தியப் பிரதேசத்து மந்தசோரில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 473-ஐ ஒட்டியது, பாடியவர் வத்ஸபட்டி. லாட நாட்டிலிருந்து, அதாவது தெற்கு குஜராத்திலிருந்து, தசபுரத்துக்கு, அதாவது அந்நாள் மந்தசோருக்கு, குடிபெயர்ந்த பட்டு நெசவாளர் குழு ஒன்று சூரியனுக்குக் கோயில் கட்டியதையும் பின்னாளில் அதைப் பழுதுபார்த்ததையும் சொல்கிறது. பட்டுத்துணிக்கு அதில் வரும் புகழ்ச்சியைப் படித்தால் இந்நாள் விளம்பரக்காரர்கள் வெட்கப்படுவார்கள். மதுரைச் சௌராஷ்டிரர்களின் முன்னோர் இவர்களே என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். அந்தச் சண்டைக்கு நான் வரவில்லை. என்னைப் பிடித்து நிறுத்துவது வேறோர் இடம். புது ஊருக்கு வந்தபின் அவர்களில் சிலர் வில்வித்தையில் இறங்கினார்கள், சிலர் கதை சொல்வதில் தேர்ந்தார்கள், சிலர் சோதிடம் பயின்றார்கள், சிலர் போர் வீரர் ஆனார்கள், மற்றவர்கள் தறியிலேயே நின்றார்கள் என்று கவிஞர் வரிசையாகச் சொல்லிப் போகிறார்.

ஒரு கூட்டம் ஓர் ஊரில் வேர் பிடித்ததா என்று பார்க்க என்னிடம் உள்ள சோதனை இதுதான். அவர்கள் என்ன மொழி பேசுகிறார்கள், பொங்கலுக்கு வேட்டி கட்டுகிறார்களா என்றெல்லாம் பார்க்கமாட்டேன். எந்த வேலைக்காக வந்தார்களோ அந்த வேலையை விட்டு இறங்கி வேறொன்றைச் செய்ய அவர்கள் பிள்ளைகளுக்கு வழி இருக்கிறதா என்று பார்ப்பேன். சௌராஷ்டிரர்களிடமிருந்து டி.எம். சௌந்தரராஜன் வந்தார். தமிழ்நாடே ஒரு தலைமுறைக் காலம் அவர் குரலில் காதலித்தது, அவர் குரலில் சாமி கும்பிட்டது. என்.எம்.ஆர். சுப்பராமன் வந்தார். 1939-ல் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்டோர் நுழைந்த போராட்டத்தை நடத்திய வைத்தியநாத ஐயருக்குத் துணை நின்றவர், மதுரைக் காந்தி என்று பெயர் எடுத்தவர்.

கும்பகோணத்திலிருந்து எம்.வி. வெங்கட்ராம் வந்தார். அவரை நீ படித்ததில்லை என்று தெரியும். உன் வயதுக்காரர்கள் யாரும் படித்ததில்லை, அது தனி வயிற்றெரிச்சல். சரிகை வியாபாரம் செய்துகொண்டே எழுதியவர். 1993-ல் ‘காதுகள்’ நாவலுக்கு சாகித்திய அகாதெமி விருது. நான் அதைவிட ‘வேள்வித் தீ’யைத்தான் திரும்பத் திரும்ப எடுப்பேன். சௌராஷ்டிர நெசவாளர் வாழ்க்கையைத் தமிழில் சொன்ன நாவல். வீட்டில் வேறு மொழி பேசிய ஒருவர் தமிழ் உரைநடைக்கு அந்தக் கனத்தைக் கொடுத்தார். தன் மொழியை விட்டால்தான் தமிழ் வாய்க்கும் என்று எவனாவது சொன்னால் அவன் கையில் இந்த நூலைக் கொடு.

ஆனால் மதுரையை அன்புக்கோட்டையாக நினைத்துக்கொள்ளாதே. ராணி மங்கம்மாள் காலத்தில் ஆவணி அவிட்டச் சடங்கு செய்தார்கள் என்பதற்காகச் சௌராஷ்டிரர் 18 பேரை அதிகாரி பிடித்து அடைத்தார். ராணி சாஸ்திரம் படித்தவர்களைக் கூட்டி விசாரித்து, அவர்களுக்கு அந்த உரிமை உண்டு என்று ஓலையில் எழுதிக் கொடுத்தார். இதைப் பெருந்தன்மை என்று கொண்டாடுகிறவர்கள் உண்டு. எனக்கு அவ்வளவு உவப்பில்லை. வெளியிலிருந்து வந்தவன் இந்த மண்ணில் உள்ளே நுழைய வேண்டுமானால் சாதி அடுக்கில் தன் படி எது என்று எழுதி வாங்க வேண்டியிருந்தது, அதுவும் மேல்படியாக. இதில் எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு: தகராறு வந்தபோது புகார் சொல்ல ஓர் இடம் இருந்தது, தீர்ப்பு எழுத்தில் கிடைத்தது.

உன் திருப்பூருக்கு வருகிறேன். சௌராஷ்டிரர்கள் குடும்பத்தோடு, குழுவாக, வேறு யாருக்கும் வராத கைத்தொழிலோடு வந்தார்கள். அரண்மனையே அவர்கள் துணிக்கு வாடிக்கை. தன்பாத் எக்ஸ்பிரஸில் வந்து இறங்கும் பையன் ஏஜென்டை நம்பி வருகிறான். பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் பார்க்கிறான். பத்துப் பேரோடு ஓர் அறையில் படுக்கிறான். சத் பூஜைத் திருவிழாவுக்கு ஊருக்குப் போனால் திரும்பி வருவானா என்பது அவனுக்கே தெரியாது. இவனைப் போய்க் ‘கரை’ என்றால் எதில் கரைவான்? “முதலில் தமிழ் கற்கட்டும்” என்று உன் நண்பர்கள் சொல்வதாக எழுதியிருக்கிறாய். கற்கட்டும், எனக்கும் ஆசைதான். பன்னிரண்டு மணி நேரம் தைத்துவிட்டு வருகிறவனுக்கு எந்த நேரத்தில், யார் கற்றுத் தரப்போகிறார்கள் என்று அவர்களைக் கேள். கேரளத்தில் எழுத்தறிவு இயக்கம் ‘சங்ஙாதி’ என்று திட்டம் போட்டு, இவர்களுக்கென்றே ‘ஹமாரி மலையாளம்’ என்று பாடநூலும் எழுதி, பெரும்பாவூரில் தொடங்கியது. எர்ணாகுளம் மாவட்டத்தில் ‘ரோஷ்னி’ திட்டம் பிள்ளைகளுக்கானது. அவர்கள் வீட்டு மொழி தெரிந்த தன்னார்வலர்கள் அந்த மொழி வழியாகவே மலையாளத்துக்குக் கொண்டு வருகிறார்கள். தாய்மொழியை வாசலில் கழற்றி வைக்கச் சொல்லவில்லை என்பதைக் கவனி.

2023 மார்ச்சில் நடந்தது உனக்கு நினைவிருக்கும். பீகார்த் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்து பலர் ரயில் ஏறினார்கள். காவல்துறை இந்தியில் மறுப்பு வெளியிட்டது, பீகார் அரசு அதிகாரிகள் குழுவை அனுப்பிப் பார்க்கச் சொன்னது. கம்பெனிக்காரர்கள் அன்று பட்ட கவலையெல்லாம் ஆர்டர் கவலை. நான் யோசித்தது வேறு: வருடக்கணக்கில் ஒரு தெருவில் குடியிருந்தவன், “அண்ணே, இது உண்மையா?” என்று பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டாமல் ஏன் கைப்பேசியை நம்பினான்? தட்டிப் பழக்கமில்லை, நாம் பழக்கவும் இல்லை. நீ வாடகைக்கு இருக்கும் லைன் வீட்டில் எதிர் அறைக்காரர்களில் ஒருவர் பெயராவது உனக்குத் தெரியுமா? கோபித்துக்கொள்ளாதே, கேட்டுத்தான் ஆக வேண்டும்.

விழாவை நிறுத்தச் சொல்லவில்லை. பொன்னாடையும் குழு நடனமும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். ரேஷன் கடையில் வெளிமாநில அட்டைக்கும் மத்திய அரசின் பங்கு தானியம் வாங்கலாம். 2020 அக்டோபரிலேயே தமிழ்நாட்டில் இந்த ஏற்பாடு வந்துவிட்டது. எத்தனை பேருக்குத் தெரியும்? மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, பிடித்தம் செய்கிறார்களா, அட்டை கையில் வந்ததா என்று சம்பளச் சீட்டைப் பார்த்துச் சொல்ல ஒரு மேசை போடுங்கள். டி.சி. வரத் தாமதம், பிறப்புச் சான்று இல்லை என்று பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம். ஜூன் மாதம் நீங்கள் இருவர் இருவராகப் பெற்றோரோடு பள்ளிக்குப் போய் நின்றாலே பாதி வேலை முடியும். சேர்ந்த பிள்ளைக்கு மாலையில் தமிழ் சொல்லிக்கொடுங்கள். பத்தாம் வகுப்பு வரை இங்கே தமிழ் கட்டாயம். ஆறாம் வகுப்பில் ஒடிசாவிலிருந்து வந்து சேரும் பெண்ணுக்கு அது பெரிய மலை. பதிலுக்கு அவளிடம் ஒடியாவில் நாலு வார்த்தை கற்றுக்கொள், குறைந்துபோகமாட்டாய்.

அழைப்பிதழில் இன்னும் இரண்டு திருத்தம். ஏற்பாட்டுக் குழுவில் பதினோரு பெயர் போட்டிருக்கிறாய், அந்தத் தொழிலாளர்களில் ஒருவர்கூட இல்லை. யாருக்கு விழாவோ அவர்களை விருந்தாளியாகவே உட்கார வைத்திருக்கிறாய். இரண்டு பேரையாவது சேர்த்துக்கொள். அடுத்து, நேரம். ஞாயிறு காலை பத்து மணி என்று யார் முடிவு செய்தது? அவர்கள் துணி துவைப்பதும் முடி வெட்டுவதும் சந்தைக்குப் போவதும் ஊருக்கு வீடியோ கால் போட்டுப் பிள்ளை முகம் பார்ப்பதும் அந்தக் காலையில்தான். சாயங்காலம் ஐந்து மணிக்கு மாற்று. தமிழோடு இந்தியிலும் ஒடியாவிலும் அச்சடி. எழுத்துப் பிழை பார்க்க அந்தக் குழுவில் சேர்ப்பவர்களையே கேள், கூகுளை நம்பாதே.

‘வேள்வித் தீ’ என்னிடம் ஒரு பிரதிதான் இருக்கிறது, அனுப்பமாட்டேன். மாவட்ட மைய நூலகத்தில் தேடிப் பார். கிடைக்காவிட்டால் எழுது.

அன்புடன்,
உன் பழைய வரலாற்று ஆசிரியர்