யானை வழியில் படுக்கை விரிக்காதே

அன்புத் தங்கைக்கு,

தேர்வு முடிந்ததும் தோழிகள் ஐந்து பேராக முதுமலைக்குப் போவதாக எழுதியிருக்கிறாய். கூடவே நான்கு ரிசார்ட்டுகளின் படங்களை அனுப்பி, இதில் எது நல்லது என்று கேட்டிருக்கிறாய். நான்கு படங்களிலும் நீச்சல் குளம் இருக்கிறது, ஊஞ்சல் இருக்கிறது, பின்னால் நீல மலை இருக்கிறது. அந்த இடம் யாருடைய பாதையில் நிற்கிறது என்பது மட்டும் எந்தப் படத்திலும் இல்லை. முதுமலையில் அறை தேடுகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதைத்தான்.

வரைபடத்தை விரித்துப் பார். தெற்கே நீலகிரி மலை செங்குத்தாக எழும்புகிறது. வடக்கே மாயாறு ஆழமான பள்ளத்தாக்கில் ஓடுகிறது. இரண்டுக்கும் நடுவே கிடக்கும் மேட்டுநிலம்தான் சீகூர். மேற்கே முதுமலை, பந்திப்பூர், வயநாட்டுக் காடுகள், கிழக்கே சத்தியமங்கலம். இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் யானைக் கூட்டம் அந்தச் சரிவிலும் ஏற முடியாது, அந்தப் பள்ளத்திலும் இறங்க முடியாது. இந்த ஒடுங்கிய நிலத்தின் வழியாகத்தான் போயாக வேண்டும். வளர்ந்த யானைக்கு ஒரு நாளைக்கு நூறு கிலோவுக்கு மேல் தீனியும் நூறு லிட்டர் அளவுக்குத் தண்ணீரும் வேண்டும். ஒரே இடத்தில் நின்றால் காடு தாங்காது. ஆகவே மழையையும் புல்லையும் தேடி அது நடந்துகொண்டே இருக்கிறது; தாய் நடந்த தடத்தில் மகள் நடக்கிறது. மசினகுடி, பொக்காபுரம், மாவனல்லா, வாழைத்தோட்டம் என்று விடுதி விளம்பரங்களில் நீ படிக்கும் ஊர்கள் எல்லாம் இந்த நிலத்தில்தான் இருக்கின்றன.

முதுமலை 1940-இல் சரணாலயமானது. 2007-இல் புலிகள் காப்பகமானது. உள்வட்டமான 321 சதுர கிலோமீட்டரில் தனியார் விடுதி கட்ட வழியில்லை. அதனால் அவை வெளிவட்டத்துக்கு வந்தன. விவசாய நிலம் என்று வாங்கிய இடங்களில் காட்டேஜ்கள் எழுந்தன. அவற்றைச் சுற்றி மின்வேலிகள் வந்தன. யானை வந்து பார்த்தபோது வழி அடைபட்டிருந்தது.

அடைபட்ட வழியின் பிரச்சினை நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாடு அரசு 2010 ஆகஸ்டில் சீகூர் யானை வழித்தடத்தை அறிவித்தது. சென்னை உயர் நீதிமன்றம் 2011-இல் அதை உறுதி செய்தது. அனுமதியில்லாமல் நடந்த பல விடுதிகள் 2018 ஆகஸ்டில் உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி பூட்டி முத்திரையிடப்பட்டன. 2020 அக்டோபர் 14-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் வழித்தட அறிவிப்பு செல்லும் என்று தீர்ப்பளித்து, நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களை விசாரிக்க ஒரு குழுவையும் அமைத்தது. ஆக, நீ அனுப்பிய படங்களில் உள்ள இடம் வழித்தடத்துக்கு உள்ளே இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பது சட்டம் கேட்கும் கேள்வியும்கூட.

தீர்ப்பு வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. மசினகுடிப் பகுதியில் முதுகில் காயத்தோடு ஓர் ஆண் யானை சுற்றிக்கொண்டிருந்தது. வனத்துறையினர் அதற்கு மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு காது கிழிந்து இரத்தம் வடிய நின்றது. 2021 ஜனவரியில் அதை மயக்க ஊசி போட்டு லாரியில் ஏற்றித் தெப்பக்காடு யானை முகாமுக்குக் கொண்டுபோனார்கள், வழியிலேயே இறந்துவிட்டது. சில நாள் கழித்து ஒரு காணொளி வெளியானது. தங்கும் விடுதி ஒன்றின் அருகே வந்த அந்த யானையின் மீது எரியும் பொருளை வீசியிருந்தார்கள். தலையில் தீயோடு அது இருட்டுக்குள் ஓடியது.

இதைப் படித்துவிட்டு மசினகுடியில் யாருமே நல்லவர்கள் இல்லை என்று எண்ணிவிடாதே. அது சுற்றுலா வருவதற்கு முன்பே இருந்த ஊர். இருளர்களும் குறும்பர்களும் தலைமுறைகளாக வாழும் மண். ஜீப் ஓட்டுகிறவர், சமைக்கிறவர், வழிகாட்டுகிறவர் எனப் பலருக்குப் பயணிகளால்தான் அடுப்பு எரிகிறது. ஊருக்குள், வீடுகளுக்கு நடுவே, உரிமத்தோடு அறை வாடகைக்கு விடும் குடும்பங்கள் உண்டு. அங்கே தங்கினால் உன் பணம் அந்த ஊரிலேயே புழங்கும். ஊரை விட்டுத் தள்ளி, காட்டுக்குள் தனியாக நிற்கும் கட்டடங்களைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும். "ஜன்னலைத் திறந்தால் யானை" என்று எழுதியிருந்தால், அதை வசதி என்று படிக்காதே. யானை நடக்கும் இடத்தில் ஜன்னல் வைத்திருக்கிறார்கள் என்று படி.

முதலில் தேட வேண்டியது வனத்துறையின் ஓய்வு விடுதிகளை. தெப்பக்காடு, கார்குடி, அபயாரண்யம் ஆகிய இடங்களில் அவை இருக்கின்றன. அறைகள் எளிமையானவை, எண்ணிக்கையும் குறைவு. ஆனால் புதிதாகக் காட்டை வெட்டிக் கட்டியவை அல்ல. காப்பக நிர்வாகத்திடம் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பள்ளி விடுமுறை நாட்களில் இடம் கிடைப்பது கடினம். தெப்பக்காட்டில் தங்கினால் வனத்துறை வாகனச் சவாரி புறப்படும் இடம் அருகிலேயே இருக்கும். யானை முகாமுக்கும் நடந்தே போகலாம். நாட்டின் பழமையான முகாம்களில் அது ஒன்று. 2023-இல் ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தில் வரும் பொம்மனும் பெள்ளியும் யானைக் குட்டிகளை வளர்த்தது அங்கேதான். காலையிலும் மாலையிலும் பாகன்கள் ராகியும் அரிசியும் பிசைந்து பெரிய உருண்டைகளாக யானைகளுக்கு ஊட்டுவதைப் பார்க்கலாம்.

அங்கே கிடைக்காவிட்டால் மசினகுடி ஊருக்குள் பார். தெப்பக்காட்டிலிருந்து 7 கிலோமீட்டர்தான். கூடலூர் இன்னொரு வழி. அது நகரம், சாதாரண லாட்ஜுகளும் மருத்துவமனையும் பேருந்து நிலையமும் உண்டு. கையில் காசு குறைவாக உள்ள மாணவிகளுக்குப் பொருத்தமான இடம். மைசூரிலிருந்து வருகிறவர்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் பந்திப்பூரில், கர்நாடக அரசு நிறுவனம் நடத்தும் காட்டு விடுதியில் தங்குவதுண்டு. ஆனால் பந்திப்பூர்ச் சாலை 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை வாகனங்களுக்கு மூடப்படுகிறது. சாலையில் அடிபட்டுச் செத்த விலங்குகளுக்காக வந்த தடை அது. உன் பயண நேரத்தை அதற்கேற்ப அமைத்துக்கொள்.

ஊட்டியில் தங்கிக் காலையில் முதுமலைக்கு இறங்கிவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கல்லட்டி வழியாக 36 கிலோமீட்டர்தான், ஆனால் அதில் 36 கொண்டை ஊசி வளைவுகள். சரிவு கடுமையானது. விபத்துகள் நடந்ததால் வெளியூர் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு இருக்கிறது. கூடலூர் சுற்றிப் போனால் ஏறக்குறைய இரு மடங்கு தூரம். விடியற்காலையில் புலி, கரடியின் தடம் பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஊட்டி தோதுப்படாது.

நாள் குறிப்பதிலும் கவனம் வேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் மூங்கிலும் புல்லும் காய்ந்து கிடக்கும். காட்டுத்தீ அபாயம் கூடும்போது காப்பகத்தைப் பயணிகளுக்கு மூடியதும் உண்டு. முன்பணம் கட்டும் முன் திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள். சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ நீலகிரிக்குள் நுழைவதற்கு 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும்.

தனியார் இடத்தில் தங்குவதாக முடிவு செய்தால், தொலைபேசியில் இவற்றைக் கேள். கட்டடத்துக்கு அனுமதியும் உரிமமும் இருக்கிறதா? இடம் யானை வழித்தடத்துக்கு வெளியே இருக்கிறதா? வேலி எப்படிப்பட்டது? சமையல் கழிவை எங்கே கொட்டுகிறார்கள்? கழிவின் வாசம்தான் யானையையும் கரடியையும் அழைத்து வருகிறது. இரவு ஜீப் சவாரி உண்டா என்றும் கேள். "உண்டு, ரகசியமாகக் கூட்டிப்போவோம்" என்று பதில் வந்தால் அந்த எண்ணை அழித்துவிடு. காட்டுக்குள் இரவுச் சவாரி சட்டவிரோதம். வெளிச்சம் பாய்ச்சித் துரத்திய யானை மறுநாள் மிரண்டு எதிரில் வருகிறவரைத் தாக்கும். விறகு பொறுக்கவோ வேலைக்கோ அந்த வழியில் போகும் ஊர்க்காரர்தான் அன்றைக்கு அகப்படுவார்.

கேம்ப் ஃபயரும் ஒலிபெருக்கியும் உங்கள் கூட்டத்தில் யாருக்காவது ஆசையாக இருக்கலாம். அந்த ஆசையை வீட்டு மொட்டை மாடியில் தீர்த்துக்கொள்ளச் சொல். மாயாற்றுப் பள்ளத்தாக்கில் வெண்முதுகுப் பாறு கழுகுகள் கூடு கட்டுகின்றன. நாடு முழுவதும் அருகிவிட்ட அந்தப் பறவைகள் தென்னிந்தியாவில் மிஞ்சியிருக்கும் சில இடங்களில் அந்தப் பள்ளத்தாக்கு முக்கியமானது. சத்தம் போடாமல் இரண்டு நாள் இருந்தால் அவை வட்டமிடுவதை அண்ணாந்து பார்க்கலாம்.

நீ அனுப்பிய நான்கு இடங்களுக்கும் இன்றே பேசிப் பார். கேள்விகளுக்கு நேரான பதில் வராத இடத்தைத் தயங்காமல் விட்டுவிடு. வனத்துறை விடுதியில் இந்த மாதம் அறை இல்லையென்றால் அடுத்த மாதத்துக்குப் பதிவு செய். உங்கள் பயணத்தை ஒரு மாதம் தள்ளிப்போடலாம். யானைக்கு வேறு வழி கிடையாது.

அன்புடன்,
உன் அக்கா