அளவு சரி, சத்தம் போகவில்லை

தொழிற்கல்விப் பிரிவில் பதினோராம் வகுப்பு மாணவர்களுக்குத் தானியங்கி ஊர்திப் பொறியியல் கற்பிக்கிறேன். எங்கள் பணிமனையில் பழைய அம்பாசிடர் காரின் 1489 சி.சி. பெட்ரோல் என்ஜின் ஒன்று உள்ளது. ஓட்டினால் மேலிருந்து ‘டிக் டிக்’ என்று டேப்பெட் சத்தம் வரும். அதைச் சரிசெய்வதையே செய்முறைப் பாடமாக எடுத்துக்கொண்டேன்.

இந்த என்ஜினில் கேம் ஷாப்ட் கீழே பிளாக்கில் இருக்கிறது. கேம் சுழலும்போது டேப்பெட்டும் புஷ் ராடும் உயர்ந்து ராக்கரின் ஒரு முனையை மேலே தள்ளும். மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். வால்வு மூடியிருக்கையில் ராக்கருக்கும் வால்வு நுனிக்கும் நடுவே சிறிய இடைவெளி வேண்டும். அதை பீலர் கேஜ் தகட்டால் அளக்கிறோம்.

எந்த வால்வை எப்போது அளப்பது? முன்னாலிருந்து 1 முதல் 8 வரை எண்ணிடுங்கள். 8 முழுதும் திறந்திருக்கும்போது 1-ஐ அளக்கலாம். 7 திறந்திருந்தால் 2-ஐ. கூட்டுத்தொகை எப்போதும் 9. ஒன்றின் கேம் மூக்கு மேலே இருக்கையில் இணை வால்வின் கேம் மூக்கு நேர் எதிராகக் கீழே இருப்பதே காரணம்.

ஒரு மாணவன், “சார், கேஜ் சரியாத்தான் காட்டுது. சத்தம் மட்டும் போகலை” என்றான். “நீ அளந்தது தப்பு, மறுபடி அள” என்றேன். மூன்று முறை அளக்க வைத்து, மதிப்பெண்ணையும் குறைத்தேன். அதன்பின் அவன் கேள்வி கேட்பதையே நிறுத்திவிட்டான்.

சத்தம் நிற்காததால், அடுத்த வாரம் கழற்றினோம். ராக்கர் தாங்கிகளின் சில நட்டுகளே சிலிண்டர் ஹெட்டையும் பிடித்திருப்பதால், முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்து, ஹெட் நட்டுகள் அனைத்தையும் சிறிது சிறிதாகத் தளர்த்தினோம். புஷ் ராடுகள் இடம் மாறாதிருக்க, எட்டுத் துளையிட்ட அட்டையில் வரிசையாகச் செருகினோம்.

ராக்கரைத் திருப்பிப் பார்த்தேன். வால்வைத் தொடும் இடத்தில் தேய்ந்து குழி விழுந்திருந்தது. தட்டையான கேஜ் அந்தக் குழியின் இரு விளிம்புகளையும் தொட்டு நின்றதே தவிர, உள்ளே இறங்கவில்லை. உண்மையான இடைவெளி, கேஜ் காட்டியதைவிட அதிகம். மாணவன் சரியாகத்தான் அளந்திருக்கிறான்.

ராக்கர் ஷாப்ட்டைத் துடைக்கும் முன், “தேய்மானம் மேலேயா, கீழேயா?” என்று கேட்டேன். ஏற்றப்பலகையை நினைத்துப் பலரும் “மேலே” என்றார்கள். தேய்ந்திருந்ததோ கீழ்ப்பக்கம். ஒரு முனையைப் புஷ் ராடும் மறுமுனையை வால்வு ஸ்பிரிங்கும் மேல்நோக்கித் தள்ளுவதால், ராக்கர் ஷாப்ட்டின் அடியில்தான் அழுந்துகிறது. நெம்புகோல் பாடம் நடத்தும் அறிவியல் ஆசிரியர்கள் இந்தக் கேள்வியைப் பயன்படுத்தலாம்.

புதிய ஷாப்ட்டையும் ராக்கர்களையும் மாட்டினோம். ஹெட் நட்டுகளை நடுவிலிருந்து வெளிநோக்கி, கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கினோம். 9-இன் கணக்கில் இடைவெளியை வைத்தவன் அதே மாணவன்தான். என்ஜினை ஓட்டியபோது அந்தச் சத்தம் இல்லை. வகுப்பின் முன் அவனிடம் என் தவற்றைச் சொல்லி, மதிப்பெண்ணைத் திருத்தினேன்.

இப்போது எங்கள் செய்முறைப் பதிவேட்டில் ஒரு கட்டம் கூடியிருக்கிறது: ‘அளவும் விளைவும் ஒத்துப்போகின்றனவா? இல்லையெனில் எதைக் கழற்றிப் பார்க்க வேண்டும்?’ அதை மாணவர் நிரப்பிய பிறகே நான் மதிப்பெண் இடுகிறேன்.